சொல்வன்மையும் அவையறிதலும்

சீடன்: ஐயா, ஒருவரை முன்பின் அறியாதவர்கள் அவருடைய பேச்சை வைத்தே அவரை எடைபோடுகிறார்கள். இது சரியான அளவுகோல்தானா?

குரு: முழுமையான அளவுகோல் அன்று. ஆனால் புதிதாகக் கேட்பவர் கையில் அந்த நேரத்தில் வேறொன்றும் இருப்பதில்லை. கிட்கிந்தையில் அனுமன் எதிரே வந்து நின்றபோது அவன் யாரென்று இராமனுக்குத் தெரியாது; வந்ததும் மாறுவேடத்தில். இத்தனை பேசியும் ஒரு சொல்கூடப் பிழைபடவில்லை, இலக்கணத்தை ஆழ்ந்து கற்றவனாக இருக்க வேண்டும் என்று இராமன் இலக்குவனிடம் வியந்ததாக வான்மீகி சொல்கிறார். கம்பர் காவியத்தில் ‘சொல்லின் செல்வன்’ என்ற பெயர் அனுமனுக்குக் கிடைப்பதும் இந்தச் சந்திப்பில்தான். கேட்பவர் பேச்சிலிருந்து படிப்பை ஊகிக்கிறார், நிதானத்தை ஊகிக்கிறார், எதிரே இருப்பவரை இவர் மதிக்கிறாரா என்பதையும் ஊகிக்கிறார். இந்த ஊகங்கள் பலர் மனத்தில் படிந்து ஊரில் அவருக்குள்ள பெயராகின்றன.

சீடன்: அப்படியானால் படித்தவர்களின் மொழியில் பேசுபவருக்கே மதிப்பு என்றாகிவிடுமே?

குரு: நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1907-இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் சுதேசியம் பற்றிப் பேசியது ஆங்கிலத்தில். மறு ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் அவ்வூரின் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வேலைநிறுத்தம் கூலி உயர்வில் முடிந்தது. 1908 மார்ச்சில் பேச்சாளர்கள் கைதானார்கள். மேடையில் பேசிய பேச்சே வழக்கில் குற்றமாயிற்று. எளியவருக்குப் புரியும் மொழிக்கு என்ன வலிமை என்பதை ஆட்சியாளர் அறிந்துகொண்ட விதம் அது.

மக்கள் மொழியில் மேடையில் பேசும் இந்த வழக்கத்துக்கும் முன்னோடி யாழ்ப்பாணத்தில் உண்டு. 1847-இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் என்ற இளைஞர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் பிரசங்கம் செய்யும் முறையை அருகிலிருந்து அறிந்தவர் அவர். அதைச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை அளித்தது. யாழ்ப்பாணத்தில் நாவலர் என்றால் அன்றுமுதல் அவர்தான்.

சீடன்: மேடைக்குச் செந்தமிழ் வேண்டுமா, பேச்சுத்தமிழ் போதுமா?

குரு: இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் இரண்டும் வென்றிருக்கின்றன. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்து முதுகலைப் பட்டம் பெற்றவர். எதுகையும் மோனையும் அடுக்குத்தொடரும் அவர் பேச்சில் இயல்பாக வந்து விழுந்தன. புலவர்களின் சொத்தாக இருந்த அழகுத் தமிழைத் தெருமுனையில் நின்ற மனிதரும் தமக்குரியதாக உணர்ந்தார். பெரியார் சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றவர். வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல மணிக்கணக்கில் பேசுவார். நான் சொல்வதாலேயே நம்பிவிடாதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு சிந்தியுங்கள் என்று கேட்டுக்கொள்வார். அந்தக் கோரிக்கைக்கு அலங்காரம் பொருந்தியிருக்காது. 1954-இல் முதலமைச்சரான காமராஜரோ இன்னும் சுருக்கம். ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பது அவரோடு சேர்த்தே நினைக்கப்படும் சொல். வேறொருவர் வாயில் அது தட்டிக்கழிக்கும் பேச்சாகத் தோன்றும். செயலைப் பார்த்திருந்ததால் காமராஜர் சொன்னபோது மக்கள் அதை நம்பினார்கள். மூவர் நடையும் வேறு வேறு; ஆனால் அவரவர் நடை அவரவர் நோக்கத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தியிருந்தது. மதிப்பு அந்தப் பொருத்தத்தில்தான் பிறந்தது.

சீடன்: அண்ணாவைப் போல அடுக்கிப் பேசிய எத்தனையோ பேர் ஏன் நிலைக்கவில்லை?

குரு: ஓசையை எடுத்துக்கொண்டு கருத்தை விட்டுவிட்டதால். நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்கள் மேடைக்கும் அப்படியே பொருந்தும். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பரப்புவது ‘மற்றொன்று விரித்தல்’. பெருமுழக்கமாகத் தொடங்கி, போகப்போகச் சொல்லும் பொருளும் மெலிந்து முடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. இன்றைய கூட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது ‘கூறியது கூறல்’. பேசவரும் ஒவ்வொருவரும் மேடையிலிருப்பவர் அனைவரையும் அடைமொழியோடு மீண்டும் விளித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்தவர்களுக்கு இது அவமதிப்பு.

சீடன்: மேடைக்கு வெளியே பேசும் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டா?

குரு: பெரும்பங்கு உண்டு. திருக்குறளின் வைப்புமுறையைப் பார். இனியவை கூறல் 10-ஆம் அதிகாரம், புறங்கூறாமை 19, பயனில சொல்லாமை 20. மூன்றும் அறத்துப்பாலில், இல்லறவியலில் உள்ளன. சொல்வன்மை 65-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில்தான் வருகிறது. வீட்டிலும் நண்பரிடத்தும் நாவைப் பழக்கிய பிறகே அவையேற வேண்டும். பக்கத்து வீட்டாரைப் பற்றி இல்லாததைச் சொன்னவர் மேடையில் ஒழுக்கம் பேசினால், ஊர் கேட்கும்; நம்பாது.

சீடன்: அவைநடுக்கம் உள்ளவர் எங்கிருந்து தொடங்குவது?

குரு: 72-ஆம் அதிகாரம் அவையறிதல், அவையஞ்சாமை அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றாதே. வந்திருப்பவர் யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் விசாரித்துக்கொள். அச்சத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.