கடைமடையில் களைக்கொல்லி

சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் களைக்கொல்லி ஏன் இப்படிப் பரவிவிட்டது என்று யாரைக் கேட்டாலும் முதலில் கூலியைத்தான் சொல்வார்கள். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை, நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கூலிக்கு முன்பே தண்ணீரில் இந்தக் கதை தொடங்கிவிடுகிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. 2016இல் செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தார்கள். 2017இல் அக்டோபர் 2. இப்படித் தாமதமாகத் திறந்த தண்ணீர் கல்லணை, கீழணை, வடவாறு என்று இறங்கி, வீராணம் நிரம்பி, கடைசி வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்று விட்டு நடும் காலம் கடந்துவிடுகிறது. அதனால் கடைமடை விவசாயி காய்ந்த புழுதியிலேயே விதையைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். நடவு வயலில் நாற்று களையைவிடச் சில வாரம் மூத்தது. தேங்கி நிற்கும் தண்ணீர் பல களை விதைகளை முளைக்கவே விடாது. நேரடி விதைப்பில் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. ஒரே மழையில் நெல்லும் புல்லும் சேர்ந்து எழுகின்றன.

அப்படி எழும் பயிருக்கும் குதிரைவாலிப் புல்லுக்கும் வித்தியாசம் காண்பது எளிதில்லை. இலையும் தாளும் சேரும் கணுவை விரலால் விலக்கிப் பார்த்தால் நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு ஒன்று நாக்குப்போல் நிற்கும், இருபுறமும் மயிர் படர்ந்த சிறு காதுகள் தண்டைப் பிடித்திருக்கும். குதிரைவாலிக்கு இரண்டும் கிடையாது, அந்த இடம் வழுவழுவென்றிருக்கும். களை பறிக்கும் பெண்கள் இதையெல்லாம் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குனிந்த வேகத்தில் கையே தேர்ந்தெடுக்கிறது. பறித்த புல் மாட்டுக்கு, ஆரைக்கீரை குழம்புக்கு, வரப்பில் கிடக்கும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் மடியில். கூலிக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த வரவை எழுதியதே இல்லை. அதனால்தான் களைக்கொல்லி வந்து அந்த வரவு நின்றபோது நட்டம் என்றும் யாரும் எழுதவில்லை.

களைக்கொல்லி கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்படி எழுதுகிறவர் அந்தச் சேற்றில் எட்டு மணி நேரம் குனிந்து நின்றிருக்கமாட்டார். குனிந்தே தேய்ந்த முதுகுகள் இந்த ஊர்களில் ஏராளம். தங்கள் மகள்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று அந்தப் பெண்களே நினைப்பது நியாயமான ஆசை. என் கேள்வி வேறு. ஒரு இரசாயனத்தை நம்பி இவ்வளவு பெரிய வேலையை ஒப்படைக்கும்போது, அது வேலை செய்வதற்கான நிலைமை இங்கே இருக்கிறதா?

பிஸ்பைரிபேக் சோடியத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லில் களை முளைத்த பிறகு அடிப்பது இது. ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிராம் செயல்பொருள் போதும். களை இரண்டு மூன்று இலையில் இருக்கவேண்டும். அடிப்பதற்கு முன் வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்கவேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்தவேண்டும். அதாவது வேண்டும்போது வடிக்கவும் வேண்டும்போது கட்டவும் முடிகிற வயலுக்காக எழுதிய முறை இது. கடைமடையில் தண்ணீர் வந்தால் வடியாது, வடிந்தால் வராது. தண்ணீர் கையில் இல்லாததால் மருந்துக்கு வந்த விவசாயியிடம், தண்ணீர் கையில் இருந்தால்தான் மருந்து கேட்கும் என்கிறது புட்டியோடு வரும் துண்டுச்சீட்டு. களை பாதி சாகிறது, பாதி நிற்கிறது. மருந்துக்கடையில் அடுத்த முறைக்கு அளவைக் கூட்டச் சொல்கிறார்கள், அல்லது இன்னொன்றைக் கலக்கச் சொல்கிறார்கள்.

ஒரே வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் அதற்குத் தப்பும் களை வயலைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத பலாரிஸ் மைனர் என்ற புல் 1990களின் தொடக்கத்தில் பெருகி, விவசாயிகள் பச்சைக் கோதுமையையே அறுத்து மாட்டுக்குப் போடும் நிலை வந்தது. காவிரிப் படுகையிலும் களையின் முகம் மாறியிருக்கிறது. பழைய குதிரைவாலியைத் தள்ளிவிட்டு லெப்டோகுளோவா புல்லும் ஆரைக்கீரையும் முன்னுக்கு வந்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் களையியல் பேராசிரியராக இருந்த ஆர்.எம். கதிரேசன் ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார். வயல் முழுகுவதும் காய்வதுமாக மாறிமாறி வரும்போது, இரண்டையும் தாங்கும் களைதான் நிலைக்கிறது என்பது அவர் கண்ட காரணங்களில் ஒன்று. தண்ணீர் வரத்துத் தாறுமாறானதன் தடயம் களையிலும் தெரிகிறது.

அதே பல்கலைக்கழகம் நெல் வயலுக்குள் மீனையும் கோழியையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தது. வயலில் அகழி வெட்டி மீன் விடுவது, மேலே கூண்டில் கோழி, எச்சம் தண்ணீரில் விழுந்து உரமாவது, மீன் களையைத் தின்பது. நல்ல முறை. விவசாயிகளின் வயலிலேயே செய்து காட்டினார்கள். அதற்கும் தண்ணீர் நிற்கவேண்டும், அகழி வெட்ட முதல் வேண்டும், குத்தகை நிலத்தில் அகழி வெட்ட உடைமையாளர் ஒப்பவேண்டும். சிறு குத்தகைதாரருக்கு இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

ஆகவே மருந்து அடிப்பது தொடரும். அடிக்கிறவரைப் பார்ப்போம். மடித்துக் கட்டிய கைலி, வெறுங்கால், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. மருந்தை அளப்பது புட்டியின் மூடியில், கலக்குவது கையில் கிடைத்த குச்சியில். முதுகில் டேங்க், மூடி இறுகாவிட்டால் நடக்க நடக்க இடுப்பில் வழியும். அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதிச் சரிசெய்வதும் உண்டு. நாளுக்கு இத்தனை டேங்க் என்ற கணக்கில் கூலி. புட்டியின்மேல் சாய்சதுரம் ஒன்று இருக்கிறது, கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை, விழுங்கினாலோ தோலில் பட்டாலோ உடனே எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே சொல்கிறது. இருபது ஆண்டு அடித்தவருக்கு என்ன ஆகும் என்பதை அந்த நிறம் சொல்லாது.

அது தெரியவர நெடுங்காலம் ஆகிறது. கேரட்டின் கதை இதற்குச் சான்று. கேரட் மெதுவாக முளைத்து மெதுவாக வளரும் பயிர். களையோடு போட்டிபோட அதற்குத் திராணியில்லை. 1940களில் அமெரிக்காவில் ஒருவகைப் பெட்ரோலியக் கரைப்பானை கேரட் வயலில் தெளித்தார்கள்; களை கருகியது, கேரட் தப்பியது. பிறகு லினுரான் என்ற களைக்கொல்லி வந்து பல பத்தாண்டுகள் உலகெங்கும் கேரட் விவசாயிகளின் முதல் துணையாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இந்தியா 2018 ஆகஸ்டில் தடை செய்தது. அதே உத்தரவு அலாக்ளோருக்கு 2020 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது. அலாக்ளோர் நம் நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கப்பட்டு வந்த மருந்து. ஐரோப்பா 2006இலேயே அதைக் கைவிட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே கடலைக் கொல்லைகளில் அடித்தவர்களின் உடலுக்கு யார் பொறுப்பு?

2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டது. நெல்லுக்கான பூட்டாக்ளோர், கடலைக்கான பெண்டிமெத்தலின், 2,4-டி மூன்றும் அதில் இருந்தன. 2023இல் இறுதி ஆணை வந்தபோது தடையானவை நான்கு. இந்த மூன்றும் அதில் இல்லை. எந்த ஆய்வு முடிவால் ஒன்று வெளியே போகிறது, எதனால் இன்னொன்று தங்குகிறது என்பதை அடிக்கிறவருக்குப் புரியும் தமிழில் யாராவது வந்து சொல்லவேண்டும்.

அரசு செய்யக்கூடியதில் பெரிய செலவில்லாதது ஒன்று உண்டு. வாடகைக்கு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் தரும் வேளாண் பொறியியல் துறை, கசியாத தெளிப்பானும் கையுறையும் பூட்ஸும் சேர்த்துத் தரலாம். கூலிக்கு மருந்து அடிப்பவர்களை ஊராட்சிதோறும் பதிவு செய்து, எந்த மருந்து, எத்தனை நாள் என்று ஒரு அட்டையில் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கொருமுறை சிறுநீரகமும் நுரையீரலும் பார்க்கலாம். அடுத்த மருந்துக்குத் தடை வரும்போதாவது அதை அடித்தவர்கள் யார் யார் என்பது தெரிந்திருக்கும். அலாக்ளோர் அடித்தவர்கள் விருத்தாசலம் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். முதல் அட்டைகளை அவர்களுக்குக் கொடுக்கலாம்.