மலிவின் விலை

கைகழுவிய நீர் எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. கண்ணுக்கு மறைந்தது கருத்திலிருந்தும் மறைந்துவிடுகிறது. எனினும், நாம் அழுக்காக்கிய நீரைத் தூய்மையாக்கும் செலவை யாரேனும் ஏற்றேயாக வேண்டும். அவர் யார் என்பதே இங்கு எழும் அறநெறிக் கேள்வியாகும்.

கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்டு தீர்க்கும் என்பதை 1914-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் செய்து காட்டினர். இன்றும் பல பெருநகரங்கள் இம்முறையையே கையாளுகின்றன. ஆனால் இத்தகைய நிலையம் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றுச் செலுத்துவதற்கே போய்விடுகிறது. மின்கட்டணம் செலுத்த இயலாத ஊரில் எந்திரம் நிற்கும். கழிவு ஆற்றில் கலக்கும். ஆற்றோரத்து ஏழை அதன் விலையை நோயாகச் செலுத்துவார்.

கொல்கத்தாவின் கிழக்கே மற்றொரு வழியைக் காண்கிறோம். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலப்பரப்பில், மீன்வளர்ப்போர் நகரின் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் தலைமுறைகளாகத் தேக்கி வருகின்றனர். வெயிலில் பாசி தழைக்கிறது; பாசி தரும் உயிர்வளியால் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன; பாசியை மீன் உண்கிறது; வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர் இதன் அருமையை உலகுக்கு உணர்த்தினார். 2002-இல் இந்நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இதனை இலவசம் என்று புகழ்வோர் உண்டு. கதிரவன் கூலி கேட்பதில்லை, உண்மையே. ஆனால் கரையைக் காத்து, நீரை அளந்து விடுபவர் மனிதர் அன்றோ? மீன் விற்ற வருவாய் அவருக்கு உண்டு. நகரைத் தூய்மைப்படுத்தியதற்கென்று கூலி இல்லை. மாறாக, அவருடைய குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பவே பலரும் முனைந்தனர். அதனைத் தடுக்க 1992-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பும், 2006-இல் மாநிலச் சட்டமும் தேவைப்பட்டன.

எல்லா ஊருக்கும் இம்முறை பொருந்தும் என நாம் சொல்லவில்லை. நெருக்கடி மிகுந்த நகரில் குளத்துக்கு இடமேது? தொழிற்சாலை நஞ்சையும் குளம் செரிக்காது. அங்கே வேறு சிக்கனங்கள் வேண்டும். சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு போன்ற நிலையங்களில் கசடிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அமைந்தது.

ஆயின், மலிவில் இருவகை உண்டு. இயற்கையின் போக்கறிந்து செலவைக் குறைப்பது ஒன்று. செலவைப் பிறர் தோளுக்கு மாற்றிவிட்டுக் குறைந்துவிட்டதென மகிழ்வது மற்றொன்று. கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது அறிவு, பின்னது அநீதி. நம் ஊரில் புதிய திட்டம் ஒன்று பேசப்படும்போது, 'எவ்வளவு மிச்சம்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அம்மிச்சம் யாரிடமிருந்து வருகிறது?' என்றும் கேட்போமாக.