பாதிப் பாட்டு சபைக்கு

விவிலியத்தின் 136ஆம் திருப்பாடலைத் தனியே உட்கார்ந்து படிப்பவருக்கு நாலைந்து அடிக்குள் சலிப்புத் தட்டிவிடும். மொத்தம் 26 அடிகள். ஒவ்வொன்றின் பின்பாதியும் ஒன்றே. கடவுளின் பேரன்புக்கு முடிவில்லை என்னும் அந்தத் தொடர் எபிரேயத்தில் மூன்றே சொற்கள்.

முன்பாதிகளை மட்டும் கோத்துப் பார்த்தால் கதை விறுவிறுவென்று ஓடுகிறது. வானும் நிலமும் கதிரும் நிலவும் உண்டாகின்றன, எகிப்திலிருந்து மக்கள் மீள்கிறார்கள், கடல் பிளக்கிறது, சீகோன், ஓகு என்ற அரசர்கள் மடிகிறார்கள், கடைசியில் எல்லா உயிருக்கும் உணவு கிடைக்கிறது. பின்பாதியோ கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை. அது கதை சொல்பவருக்கானதல்ல, கூடியிருப்பவர்களுக்கானது. நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க, வரிசை முழுவதும் ஒரே அடியைத் திருப்பிப் பாடுமே, அந்த ஏற்பாடுதான் இது. ஏடும் எழுத்தும் இல்லாதவரும் பாதிப் பாட்டைப் பாடிவிடலாம்.

சாலமோனின் கோவில் அர்ப்பணிப்பில் மக்கள் இந்தத் தொடரைச் சொல்லித் தொழுததாகக் குறிப்பேடு இரண்டாம் நூல் கூறுகிறது. யூதர்கள் இன்றும் ஓய்வுநாள் காலையிலும் பாஸ்கா இரவு விருந்திலும் இப்பாடலை ஓதுகிறார்கள். சாக்கடலோரக் கும்ரானில் கிடைத்த ஒரு பழஞ்சுருளில் 145ஆம் பாடலின் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு மறுமொழி இருக்கிறது. வழக்கிலுள்ள பாடத்தில் அது கிடையாது. பாடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதானே என்று எழுதுகிறவர்கள் பல மறுமொழிகளை விட்டுவிட, 136இல் மட்டும் அது முழுசாக ஏட்டில் ஏறிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையிலோ, லத்தீன் பூசைக் காலத்தில் பாடகர் குழு பாட, மக்கள் கேட்டிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் 1963இல் வந்தது. அதைத் தொடர்ந்து 1969இன் வாசக ஒழுங்கு, முதல் வாசகத்துக்குப் பின் மக்களின் மறுமொழியோடு திருப்பாடலை வைத்தது. தமிழில் அதன் பெயர் பதிலுரைப் பாடல்; மக்கள் பாடும் அடி பல்லவி.

இந்த மாற்றத்தை இந்திய மண்ணில் ஊன்ற முயன்ற இடம் பெங்களூரு. தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் அங்கே 1967இல் தொடங்கியது. முதல் இயக்குநர் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த அருள்தந்தை டி.எஸ். அமலோர்பவதாஸ். பூசைக்குள் கொண்டுவரப்பட்ட குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்தல் எல்லாம் இந்து வழக்கங்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. பதிலுரைப் பாடலுக்கு அந்தச் சங்கடம் குறைவு: ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் வாங்கிப் பாடும் பஜனை முறை இங்கே ஏற்கெனவே இருந்தது, எபிரேயப் பாடலும் அதையேதான் கேட்டது. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு. கன்னடப் பூசைக்கு வந்து நிற்கும் தமிழரும் பல்லவியை இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாம் முறை சேர்ந்துகொள்ளலாம்.

தென்னிந்தியத் திருச்சபையில் திருப்பாடல்களை (அங்கே அவை சங்கீதங்கள்) ஆயரும் சபையாரும் வசனம் வசனமாக மாறி மாறி வாசிப்பது பழக்கம். மற்றச் சங்கீதங்களுக்கு அது பொருந்தும். 136ஆம் பாடலுக்கோ ஒவ்வொரு வசனத்தையும் நடுவில் வெட்டிக் கொடுத்தால்தான் பாட்டு தன் வடிவத்துக்கு வரும். மெட்டுப் போடுகிறவருக்கும் இதே கணக்குதான்: பிருகாக்களைப் பாடகரின் பாதியில் வைத்துக்கொள்ளலாம், பல்லவியில் வைத்தால் சபை வாயை மூடிக்கொள்ளும்.