பிம்பமும் உரையும்

அறிவுக்கு வழியாக நம் தர்க்க நூல்கள் சொல்லும் அளவைகளில் காண்டல், கருதல், உரை மூன்றும் முக்கியமானவை. காமிராவின் பதிவு இவற்றில் எது? பார்த்தவன் என்று ஒருவன் இல்லாத பார்வை அது. நீதிமன்றம் இதற்குத் தன் வழியில் விடை வைத்திருக்கிறது. மின்னணுப் பதிவின் நகல் தானாகப் பேசாது. அதற்காக ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை உச்ச நீதிமன்றம் 2014இலும் 2020இலும் இப்படித்தான் கண்டிப்பாக வாசித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. பதிவு முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் எண் அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் வேறாகிவிடும். போலீஸ் கைப்பற்றிய அன்று குறித்த எண்ணே விசாரணை நாளிலும் வந்தால், படத்தில் யாரும் கைவைக்கவில்லை.

ஆக, காண்டல் போதாது, உரை வேண்டும் என்பது சட்டத்தின் நிலை. சரியான நிலைதான். ஆனால் எதைப் பற்றிய உரை?

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோவிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான உடல் கிடந்தது. கோவில் காமிராப் பதிவு வழக்கின் தூண்களில் ஒன்றாயிற்று. (ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் சன்னதி என்பதை வைத்து யாரும் கவிதை பண்ணாதிருந்தால் நல்லது.) அந்தப் பெண் பிறழ்சாட்சியானார். 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றமே அவரை மீண்டும் அழைத்து, அவ்வாண்டு நவம்பரில் பதிவைப் போட்டுக் காட்டிற்று. அதில் இருப்பது தான் இல்லை என்றார்.

படத்தை ஒட்டியிருக்கிறார்கள், வெட்டியிருக்கிறார்கள் என்பது நமக்குப் பழகிய சந்தேகம். இங்கே நடந்தது வேறு. படம் அப்படியே இருக்கிறது. அதில் இருந்தவர் வெளியேறிவிட்டார். இயந்திரத்துக்காக உரை சொல்ல ஆள் உண்டு. முகத்துக்காகச் சொல்ல முகத்துக்குரியவரே இல்லை. நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அது அதன் வேலை. பொய் என்று சொல்லி நகர்ந்துவிட நமக்கு உரிமையில்லை. "அது நானுங்க" என்று ஒரு பெண் சொல்ல, வீடும் உறவும் ஊரும் கேட்கும் விலை என்ன என்று கொங்கு மண்ணில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மறுபுறம், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்ட பதிவு. எந்தச் சான்றிதழும் வருமுன் கைபேசி கைபேசியாகப் போயிற்று. நகலின் நகல், மூலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் நம்பினார்கள். அங்கே உயிர் பிழைத்த மனைவி கௌசல்யா, சொந்தப் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசினார். தந்தையை 2020இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் படத்திலிருக்கும் பெண் யார் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

திருச்செங்கோடு வழக்கில் நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் மலைக்கோவிலுக்கே நேரில் போனார்கள். படத்தில் இருந்தவர் மறுத்தபின், அது எடுக்கப்பட்ட வாசலையும் படியையுமாவது பார்க்கலாம் என்று எண்ணியிருக்கலாம். ஜூனில் தீர்ப்பு வந்தது. தண்டனைகள் பெரும்பாலும் உறுதியாயின.