கொர்பானும் குடியிருப்பும்

முதியோரும் குடும்பங்களும் ஒரே வளாகத்தில் வாழ்வதற்கெனத் திருச்சபை ஒரு குடியிருப்பை எழுப்புமானால், அது நற்பணி என்பதில் எவர்க்கும் ஐயமிராது. நிலம் தேடுவதும் நிதி திரட்டுவதும் கடினமே. அவற்றினும் கடினமான வினா ஒன்று, அடிக்கல் நாட்டுமுன்பே நம்மை எதிர்கொள்கிறது. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன். அக்கடனைத் திருச்சபை தன் தோளில் ஏற்றுக்கொள்வது அன்புப் பணியா, அல்லது பிள்ளைகள் தம் கடமையினின்று நழுவுவதற்குத் திறந்துவிடும் வாயிலா?

இவ்வினா இன்று தோன்றியதன்று. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் இதனையே ஆராய்கிறது. கைம்பெண் ஒருவருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், முதற்கண் அவர்களே அவரைக் காக்கவேண்டும். அச்சுமையைத் திருச்சபையின்மீது ஏற்றலாகாது. அப்போதுதான் உண்மையிலேயே ஆதரவற்றோர்க்கு அது உதவ இயலும் என்பது அதன் அறிவுரை. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை என்று அறிவித்துவிட்டு, அவர்களைக் கைவிடுவோரை அவர் கண்டிக்கிறார். காணிக்கையும் குற்றமாகும் நிலை உண்டு என்பதே அதன் பொருள். முதியோர் இல்லத்துக்கு நன்கொடை எழுதிவிட்டு, அதே இல்லத்தில் தாயைச் சேர்த்தபின் திரும்பிப் பாராத வசதி படைத்த மகனும் ஒரு கொர்பானைத்தான் சொல்கிறான்.

ஆயினும், எல்லா மகன்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது. எண்ணூரை எண்ணிப் பாருங்கள். கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களுக்கு மீனும் இறாலும் வாழ்வளித்தன. அங்கே 1970இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2017இல் அது மூடப்பட்டது. 2001இல் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. ஆலைகள் பெருகின, சாம்பலும் கழிவும் ஆற்றில் சேர்ந்தன. ஆற்றில் மீன் குறைந்தபோது, மீனவனின் மகன் ஒப்பந்தக் கூலியானான். ஓரறை வாடகை வீட்டில் மனைவி மக்களோடு ஒடுங்கியிருப்பவனுக்குத் தாயைப் பேண மனம் இருக்கும். அவளுக்குப் பாய் விரிக்க இடம் இராது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, முதியோர் தீர்ப்பாயத்தை நாடிப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறலாம். அது நல்ல சட்டம். ஆனால் அச்சட்டத்தால் அந்த ஓரறை வீட்டைப் பெரிதாக்க இயலாது.

இத்தகையோர்க்கு வீடே நான்காம் கட்டளையைக் கடைப்பிடிக்கும் வழியாகிறது. ஆகவே, முதியோரை மட்டும் பிரித்துத் தனியே சேர்க்கும் இல்லத்தைவிட, மகனின் குடும்பமும் தாயும் அருகருகே வாழும் குடியிருப்பே மேலானது. எண்ணூரில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. உறக்கத்தினின்று எழுந்த மக்கள் இருளில் வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2004இல் ஆழிப்பேரலை வந்ததும் அதே டிசம்பர் 26இல்தான். இத்தகைய வேளையில் முதியவரின் கதவைத் தட்டவும், கைபிடித்து நடத்தவும் அடுத்த வீட்டில் ஒருவர் வேண்டும்.

கத்தோலிக்க உலகில் இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோபு ஃபுக்கர் என்னும் பெருவணிகர் 1521இல் நிறுவிய ஃபுக்கரை குடியிருப்பு இன்றும் இயங்குகிறது. ஆண்டு வாடகை ஒரு யூரோவுக்கும் குறைவு. ஒவ்வொரு வீட்டிற்கும் தனி வாசல் உண்டு. குடியிருப்போர் நாள்தோறும் மூன்று செபங்களை நிறுவனருக்காகச் சொல்லவேண்டும். பெறுபவரும் ஒன்றைத் தருகிறார். அதனால் அவர் தலைநிமிர்ந்து வாழ்கிறார். இந்த மாண்பை நாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கே கத்தோலிக்கர்க்கே இடம் உண்டு என்ற விதியை எண்ணூருக்குக் கொண்டுவரலாமா? நச்சு வாயு வீடு வீடாகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வரவில்லையே!

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் நினைவுகொள்ளத் தக்கது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அம்முறையீட்டை ஏற்று, அப்பணிக்கென எழுவரை நியமிக்கச் செய்தனர். 'நம்மவர்' என்னும் பாகுபாடு தொடக்கத் திருச்சபைக்குள்ளேயே நுழையப் பார்த்தது. அது அப்போதே திருத்தப்பட்டது. இராயபுரத்தின் மணியக்காரர் சத்திரமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1782இல் பஞ்சத்தால் வாடியவர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய அறநிலையம் அது. பின்னர் முதியோர்க்குப் புகலிடமாயிற்று. அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். பசித்தவர்க்கு வார்த்த கஞ்சியே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஓர் இடத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

எனவே, நம் குடியிருப்பில் தரைத்தளம் முதியோர்க்கு இருக்கட்டும். மாடிப்படியே அவர்களுக்குச் சிறையாகிவிடக் கூடாது. பொருளுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கான செலவை ஏற்கட்டும். பொருளற்றவர்கள் நாள்தோறும் நேரில் வந்து பணிவிடை செய்யட்டும். பிள்ளையற்றவர்க்கு அன்பியமே பிள்ளையாகட்டும். சிலுவையடியில் ஒப்படைக்கப்பட்ட அன்னையைச் சீடர் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார் அன்றோ? தாயைத் தம்மோடு வைத்துக்கொள்ள இயன்றவர், குடியிருப்பு எவ்வளவு அழகாய் அமைந்தாலும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவரால் மிஞ்சும் அறை, யாருமற்ற ஒரு மூதாட்டிக்குக் கிடைக்கும்.