யாருக்காக இந்த அவசரம்?

அக்கா மகனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், சரியாயிடும்" என்றார் அப்பாயி. நானும் தலையாட்டினேன். பாசம் என்று நினைத்தேன், பாதி பயம். டாக்டர் ஒரு பெயர் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே என்ற பயம். ஒன்றரை வருடம் போனது.

முதல் சில வருடங்களில் மூளை அத்தனை வேகமாக இணைப்புகளை உண்டாக்குகிறது. அதனால்தான் 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். 'பொறுத்துப் பார்ப்போம்' என்று பெரியவர்கள் சொல்லும்போது செலவாவது குழந்தையின் காலம்.

சரி, சீக்கிரம் தொடங்கிவிட்டால் போதுமா? நாங்கள் முதலில் போன பயிற்சி மையத்தில் அவன் கைகளை உதறுவதை நிறுத்தப் பார்த்தார்கள். தாடையைப் பிடித்துத் திருப்பி, கண்ணைப் பார்க்கவைத்தார்கள். அழுதான். "பழகிடுவான் மேடம்" என்றார்கள். பழகினான்தான். அடுத்த கல்யாணத்தில் யாரும் எங்களை ஒரு மாதிரி பார்க்கவில்லை. எங்களுக்கு நிம்மதி. அவனுக்கோ, தாகம் என்று சொல்ல இன்னும் வழியில்லை.

வேறு இடத்துக்கு மாற்றினோம். தம்ளர் படம் போட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அதை நீட்டினால் தண்ணீர். மூன்றாவது வாரம் அடுப்படிக்கு வந்து அட்டையை என் கையில் வைத்தான். இன்னொரு கையை உதறிக்கொண்டே.

"அவன் அப்படித்தான், அப்படியே ஏத்துக்கோ, எதுக்குப் பயிற்சி?" என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி சரி. ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லி அவனைத் தாகத்தில் விட முடியாது. ஆனால் அவன் கற்றுக்கொள்வது அவன் கேட்பதற்கா, அல்லது நாங்கள் வெட்கப்படாமல் இருப்பதற்கா என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் எப்போதும் சுத்தமாகப் பிரிவதில்லை. ரோட்டில் கையைப் பிடித்து நடக்கவும் அழுகிறான். அதை விட்டுவிட முடியுமா? மூன்றரை வயதுப் பிள்ளையிடம் சம்மதம் எப்படி வாங்குவது?

போன வாரம் 'போதும்' அட்டையையும் சேர்த்தோம். பயிற்சியின் நடுவில் என்னிடமே நீட்டினான். நிறுத்தினேன். அன்று ராத்திரி பல் தேய்க்கும்போதும் நீட்டினான். அங்கே நிறுத்தவில்லை, சீக்கிரம் முடித்தேன். செய்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.