முழு மனம்

கடவுளை முழு மனத்தோடு நேசிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் தலையசைத்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதோ, அலுவலகத்தில் கணக்கைப் புரட்டும்போதோதான் சந்தேகம் எழுகிறது. முழு மனமும் அங்கே போய்விட்டால், இங்கே உலை வைப்பது யார்?

கிறிஸ்தவ அன்பர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இயேசுநாதரைப் பின்பற்றுவது அவர்களுக்கு ஒரு கொள்கையை ஏற்பதன்று. ஒருவரிடம் தம்மை ஒப்புக்கொடுப்பது. அத்தகைய அன்பில் பாதி, முக்கால் என்ற கணக்கு செல்லாது. அப்படியானால் பள்ளி ஆசிரியராகவும், வங்கிக் குமாஸ்தாவாகவும், மூன்று குழந்தைகளுக்குத் தாயாகவும் இருப்பவர்கள் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஆண்டவருக்கும் மற்ற ஆறரை நாளை உலகத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாமா?

நான் அந்தச் சமயத்தில் பிறந்தவன் அல்லன். ஆனால், மனிதர்களின் மனம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதானே கதை எழுதுகிறவனின் தொழில்? அந்த முறையில் இந்தக் கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடமொன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். லொரேன் நாட்டில் பிறந்தவர். போர்வீரராகிக் காயம்பட்டார், பிறகு ஒருவரிடம் ஏவலாளாக இருந்தார். எடுத்ததையெல்லாம் உடைக்கிற முரட்டுக் கைக்காரர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டார். 1640-ல் மடத்தில் சேர்ந்த அவருக்குக் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் அடுப்படியில் நின்றார். சட்டியில் முட்டையைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் கடவுளின்மேல் உள்ள அன்புக்காகவே செய்வதாகச் சொன்னார். ஜெப வேளை, வேலை வேளை என்ற பிரிவே தமக்கு இல்லை என்றார். 1691-ல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமாக வந்தன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். 'அப்படிச் சொல்லுங்கள், செய்யும் தொழிலே தெய்வம்!' என்போம். அவ்வளவு சுலபமாக நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. லாரன்ஸ் வேலையைக் கடவுளுக்குப் பதிலாக வைத்தவர் அல்லர். வேலை செய்தபடியே உள்ளுக்குள் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவர். மனம் ஓடும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அழைத்து வந்தவர். முதல் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் கடுமையாகத் துன்புற்றதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கோயிலுக்குப் போகாததற்குச் சமாதானம் சொல்ல அவரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமாகாது.

சுவிசேஷத்தில் வரும் மார்த்தாளின் கதையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இயேசுநாதர் வீட்டுக்கு வருகிறார். தங்கை மரியாள் அவர் காலடியில் அமர்ந்து கேட்கிறாள்; மார்த்தாள் வேலையில் அலைகிறாள். அவளுக்கு மெல்லிய கண்டிப்பு கிடைக்கிறது. சமைத்தது குற்றம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கை அடுப்பில் இருந்தது. மனமோ, தங்கை உதவவில்லையே என்ற கணக்கில் இருந்தது. யாருக்காகச் சமைத்தாளோ, அவரையே தங்கைமேல் புகார் சொல்லும் அதிகாரியாக ஆக்கிவிட்டாள். லாரன்ஸும் சமைத்தார், மார்த்தாளும் சமைத்தாள். இருவருக்கும் வேலை ஒன்றுதான். மனம் நின்ற இடந்தான் வேறு.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் எந்த ஜெபக் கூட்டத்தையும் தவற விடமாட்டார். ஜெபத்தில் அவர் விடும் கண்ணீர் பொய்க் கண்ணீர் அன்று, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் படுக்கையாய்க் கிடந்த அவருடைய தந்தைக்கு வேளைக்கு மருந்து கொடுத்தவள், அடுத்த வீட்டுப் பெண். 'அப்பாவை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

இந்த மாதிரிப் பக்தியை இயேசுநாதரே கண்டித்திருக்கிறார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவும் வழக்கத்தை மாற்குவின் சுவிசேஷத்தில் அவர் வன்மையாகச் சாடுகிறார். கடவுளின் பெயரைச் சொல்லி மனிதனின் பங்கைப் பறிப்பதைக் காணிக்கையென்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறனையும் உன்னைப்போல் நேசி என்பதைக் கடவுளை நேசிப்பதற்குப் பக்கத்திலேயே வைத்தவர் அல்லவா அவர்?

அப்படியானால் முழு மனம் என்பதை எதைக்கொண்டு அறிவது? திருநெல்வேலிச் சீமையில் நடந்த ஒன்று இதற்கு விடை சொல்வதாக நினைக்கிறேன். ஏமி கார்மைக்கேல் என்ற ஐரிஷ் பெண்மணி 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் கற்றுக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று போதித்தார். அதுவே தம் வாழ்வின் பணி என்று நம்பினார். 1901-ல், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு இன்னும் குழந்தைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். டோனாவூரில் அவர்களுக்குப் பால் காய்ச்ச வேண்டும், துணி துவைக்க வேண்டும், இரவில் விழித்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் போவது நின்றது.

போதிக்க வந்தவள் ஆயாவாகிவிடலாமா என்ற கேள்வி அவர் முன் எழுந்தது. சீடர்களின் கால்களைக் கழுவ இயேசுநாதர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட நிகழ்ச்சியில் அவர் விடை கண்டார். அதன் பிறகு தொட்டிலை விட்டு நகரவில்லை. 1931-ல் ஒரு விபத்தில் விழுந்தபின் பெரும்பாலும் படுக்கையிலேயே காலம் கழித்து, 1951-ல் டோனாவூரிலேயே மறைந்தார். தம் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள்.

பாவத்தை விடுவது கடினந்தான். ஆனால் பக்தியுள்ளவர்களுக்கு அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. தாங்கள் விரும்பிச் செய்கிற, ஊரார் மெச்சுகிற புண்ணிய காரியத்தை, அழுகிற ஒரு குழந்தைக்காக விட்டுக்கொடுப்பதுதான் அது. கூட்டத்துக்குப் போகச் சைக்கிளை எடுத்த அந்த நண்பரின் தந்தை இப்போது இல்லை. அவர் இன்னும் ஜெபக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய மனம் முழுமையானதா இல்லையா என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த மருந்துக் குப்பியைக் கையில் எடுத்த அடுத்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.